கணக்கியலில் முனைவர் பட்டம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பன்னிரண்டு வருடமாகத் தணிக்கைத் துறையில் இருக்கிறேன். சென்ற மாதக் கட்டுரையில் ‘கணக்கியலில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தபோது’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரி என்னைப் பிடித்துக்கொண்டது. எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் கேட்டால் வீட்டிலும் அலுவலகத்திலும் சிரிக்கிறார்கள். “பற்று, வரவு. இதில் ஐந்து வருடம் படிக்க என்ன இருக்கிறது?” என்கிறார்கள். எனக்கே பதில் தெரியவில்லை. கணக்கியல் தரநிலைகளை நான் தலைகீழாகச் சொல்வேன். அதற்கு மேல் என்ன கற்றுத்தருவார்கள்?

சில பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டத்தைப் பார்த்தேன். முதல் வருடம் முழுக்க நுண்பொருளியல், எகனாமெட்ரிக்ஸ் எனும் பொருளாதார அளவியல், புள்ளியியல் என்று இருக்கிறது. கணக்கியலையே காணோம்! இது ஏன்? என்னுடைய பன்னிரண்டு வருட அனுபவம் அங்கே உதவுமா? பட்டம் வாங்கிவந்தால் இந்தத் தொழிலில் மதிப்பு கூடுமா? நேரம் இருந்தால் எழுதுங்கள்.

வி.எஸ்.

அன்புள்ள வி.எஸ்.,

தரநிலைகளைத் தலைகீழாகச் சொல்வீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே யாரும் அதைக் கேட்கப்போவதில்லை. ஐந்தரை வருடத்தில், இளங்கலை மாணவர்களுக்குப் பாடம் எடுத்தபோது பலகையில் போட்டதைத் தவிர, நான் ஒரு ஜர்னல் என்ட்ரிகூட, அதாவது ஒரு பற்று-வரவுப் பதிவுகூடப் போடவில்லை.

உங்கள் மேசையில் ஒரு நிறுவனத்தின் வாராக்கடன் ஒதுக்கீடு, அதாவது திரும்பி வராது என்று முன்கூட்டியே ஒதுக்கிவைத்த தொகை, வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தொகை போதுமா, தரநிலைப்படி இருக்கிறதா, ஆவணம் இருக்கிறதா என்று பார்ப்பீர்கள். இருந்தால் டிக் அடித்துவிட்டு அடுத்த பக்கம் போவீர்கள். ஆய்வாளர் அந்த நிறுவனத்தைப் பார்ப்பதே இல்லை. அதுபோன்ற ஐயாயிரம் நிறுவனங்களை ஒன்றாக வைத்துப் பார்க்கிறார். புதிய தலைமை அதிகாரி பொறுப்பேற்ற வருடத்தில் மட்டும் ஒதுக்கீடுகள் ஏன் வீங்குகின்றன என்று கேட்கிறார். பழைய பாவத்தையெல்லாம் முன்னவர் தலையில் கட்டிவிட்டால் அடுத்த வருட லாபம் பளிச்சென்று தெரியும் என்பதாலா, இல்லை, நிறுவனம் நிஜமாகவே மோசமாக இருந்ததால்தான் ஆளையே மாற்றினார்களா? இரண்டுக்கும் எண்கள் ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டையும் எப்படிப் பிரிப்பது? பிஎச்.டி. என்பது கிட்டத்தட்ட முழுக்க இந்தக் கடைசிக் கேள்விதான். கணக்கு எழுதும் தொழிலின் மேல்படி என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்துபோவீர்கள். அது வேறு தொழில்.

முதல் வருடம் கணக்கியலைக் காணோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1960களில் கணக்கியல் பேராசிரியர்களுக்குள் ஒரு அவநம்பிக்கை இருந்தது. நிகர லாபம் என்பது ஒரு பகுதி பழைய விலை, ஒரு பகுதி புதிய விலை, ஒரு பகுதி ஊகம் எல்லாம் கலந்த எண். 27 மேசைகளிலிருந்து 8 நாற்காலிகளைக் கழிப்பது போன்ற அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை என்பது அவர்கள் வாதம். ரே பால், ஃபிலிப் பிரௌன் என்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள், வாதம் எதற்கு, பார்த்துவிடலாமே என்றார்கள். 261 நிறுவனங்களை எடுத்தார்கள். லாபம் எதிர்பார்த்ததைவிடக் கூடியவை ஒரு பக்கம், குறைந்தவை ஒரு பக்கம். லாபம் அறிவிக்கப்படும் மாதத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் இரண்டின் பங்கு விலையும் எப்படிப் போகிறது என்று கோடு வரைந்தார்கள். ஒரு கோடு ஏறியது, மற்றது இறங்கியது. அர்த்தமில்லாத எண் என்றால் சந்தை ஏன் அதன் பின்னாலேயே போகிறது? இதில் இன்னொரு குத்தும் உண்டு. லாபத்தில் இருக்கும் செய்தியில் 85 முதல் 90 சதவீதம் வரை, அறிக்கை வெளிவரும் முன்பே விலையில் ஏறிவிட்டிருந்தது. ஆண்டறிக்கைக்காக யாரும் காத்திருக்கவில்லை!

அந்தக் கட்டுரையை முதலில் அனுப்பிய இதழ் ஏற்கவில்லை. 1968இல் ஜர்னல் ஆஃப் அக்கவுண்டிங் ரிசர்ச் வெளியிட்டது. அதன் பிறகு துறை திரும்பிய திசைதான் உங்கள் பாடத்திட்டத்தில் தெரிகிறது. லாபம் எப்படி அளக்கப்பட வேண்டும் என்று உபதேசிப்பது குறைந்து, அளந்த எண்ணை வைத்து மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது வளர்ந்தது. அதற்குப் பொருளியலும் புள்ளியியலும் வேண்டும். எனக்குக் கணிதம் விட்டுப்போய்ப் பதினாறு வருடம் ஆகியிருந்தது. முதல் செமஸ்டரில், கல்லூரியை அப்போதுதான் முடித்துவந்த ஒரு பையனிடம் உட்கார்ந்து அணிகளை (மேட்ரிக்ஸ்) பெருக்கக் கற்றுக்கொண்டேன். வெட்கப்பட நேரம் இருக்கவில்லை.

எல்லாரும் பங்கு விலையையே பார்க்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு சாரார் ஒரு தரவும் இல்லாமல், முதலாளிக்கும் மேலாளருக்கும் இடையிலான ஒப்பந்தத்தைச் சமன்பாடுகளாகவே எழுதுகிறார்கள். இன்னொரு சாரார் தணிக்கையாளர்களையே அறையில் உட்காரவைத்துச் சோதனை நடத்துகிறார்கள். அப்புறம், ஆண்டனி ஹாப்வுட் என்ற பிரிட்டிஷ் கணக்கியல் பேராசிரியர் 1976இல் தொடங்கிய ஆய்விதழைச் சுற்றி வளர்ந்த ஒரு மரபு உண்டு. கணக்கு ஒரு நிறுவனத்துக்குள் யாருக்கு அதிகாரம் தருகிறது என்று நேரில் போய்க் கவனிப்பவர்கள் அவர்கள். ஐரோப்பாவில் அவர்களுக்கு நல்ல இடம் உண்டு. விண்ணப்பிக்கும் முன், அந்தத் துறையில் எந்தச் சாரார் அதிகம் என்று பாருங்கள். தரவரிசையைவிட அது முக்கியம். நீங்கள் போன பிறகு உங்களை மாற்றுவார்களே தவிர, உங்களுக்காக அவர்கள் மாறமாட்டார்கள்.

இரண்டாம் வருடத்திலிருந்து செமினார்கள். வாரம் நான்கைந்து கட்டுரைகள். படிப்பது என்றால் சுருக்கம் சொல்வது இல்லை, எங்கே ஓட்டை என்று சொல்வது. எனக்குப் பிடித்தது ஒரு படம். 1997இல் பர்க்ஸ்டாலர், டிச்செவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், நிறுவனங்களின் லாபத்தை அவற்றின் சந்தை மதிப்பால் வகுத்து, ஒரு பரவல் படம் வரைந்தார்கள். மணி வடிவில் அழகாக ஏறிவரும் படம், பூஜ்யத்துக்குச் சற்று இடப்பக்கம் பல் விழுந்த வாய் மாதிரி பள்ளமாக இருந்தது. பூஜ்யத்தைத் தாண்டியதும் ஒரே எகிறல். துளி நட்டம் காட்டும் நிறுவனங்கள் எதிர்பார்ப்பதைவிடக் குறைவு, துளி லாபம் காட்டுபவை அதிகம். நட்டத்தில் முடிய வேண்டிய நிறுவனங்கள் எண்ணைக் கொஞ்சம் தள்ளிவிட்டுக் கோட்டைத் தாண்டுகின்றன! தணிக்கையில் இருந்த எனக்கு அதைப் பார்த்ததும் கைதட்டத் தோன்றியது. ஆண்டுக் கணக்கை முடிக்கும் டிசம்பர் கடைசி வாரத்தில், எண்ணைக் கொஞ்சம் தள்ளச் சொல்லி வரும் தொலைபேசி அழைப்புகளை நான் எத்தனை கேட்டிருப்பேன்!

பேராசிரியர் அசரவில்லை. “எதால் வகுத்திருக்கிறார்கள்?” என்று மட்டும் கேட்டார். அடுத்த வாரம் டுர்ட்சி, ஈஸ்டன் என்ற வேறு இரண்டு ஆய்வாளர்கள் 2005இல் எழுதிய கட்டுரையைக் கொடுத்தார். லாபம் காட்டும் நிறுவனங்களையும் நட்டம் காட்டும் நிறுவனங்களையும் சந்தை ஒரே மாதிரி விலைபோடுவதில்லை. எனவே விலையால் வகுக்கும்போதே படத்தின் வடிவம் மாறிவிடலாம். எந்த நிறுவனத்துக்கு விலைத் தரவு கிடைக்கிறது என்பதும் மாற்றலாம். அந்தப் பள்ளத்தை வைத்து மட்டும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்றார்கள். அந்தச் சண்டை அதோடு முடியவும் இல்லை. அன்று ராத்திரி எனக்கு எரிச்சலாக இருந்தது. எண்ணைத் தள்ளுகிறார்கள் என்பது எனக்கு நேரில் தெரியும். ஆனால் நேரில் தெரிவது வேறு, அந்தப் படம் அதை நிரூபிக்கிறதா என்பது வேறு. இதை ஒத்துக்கொள்ள ஒரு வருடம் ஆனது.

சரி, உங்கள் அனுபவம் உதவுமா? என் கதையைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இரண்டாம் வருடக் கோடையில் சொந்தமாக ஒரு கட்டுரை எழுதித் துறைக்கு முன்னால் வைக்க வேண்டும். லாபம் கூடிய நிறுவனங்களின் பங்குகளை, ஆண்டு முடிந்து நான்கு மாதம் கழித்து வாங்கினால் சந்தையைவிட எவ்வளவு கூடுதலாகக் கிடைக்கும் என்பது என் கேள்வியின் ஒரு பகுதி. காம்பஸ்டாட் என்ற தரவுத்தளத்திலிருந்து லாபம், இன்னொன்றிலிருந்து விலை. இரண்டையும் இணைக்கவே ஏழு வாரம். விடை பிரமாதமாக வந்தது. இவ்வளவு பணத்தை எல்லாரும் தரையில் விட்டுவைத்திருக்கிறார்களே என்று ஆச்சரியப்பட்டேன். சந்தேகப்படவில்லை.

மூன்றாவது ஸ்லைடில் ஒருவர் கையைத் தூக்கினார். “டிசம்பரில் கணக்காண்டு முடியாத நிறுவனங்களை என்ன செய்தீர்கள்?” எனக்குக் கேள்வியே புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். அந்தத் தரவுத்தளத்தில் ஜனவரி முதல் மே வரை கணக்காண்டு முடியும் நிறுவனங்கள் என்றால், அந்த ஆண்டுக்கு முந்தைய வருடத்தின் பெயரைத்தான் வைப்பார்கள். 2010 மே மாதம் முடியும் ஆண்டின் பெயர் அங்கே 2009. நான் 2009 என்று பார்த்ததும் 2009 டிசம்பர் என்று வைத்துக்கொண்டு, 2010 ஏப்ரல் கடைசியில் பங்கு வாங்கியிருக்கிறேன். இன்னும் முடியவே முடியாத ஒரு வருடத்தின் லாபத்தைத் தெரிந்துகொண்டு! யாருக்குத்தான் பணம் வராது?

திருத்தி ஓட்டியபோது பாதிக்கு மேல் கரைந்துபோயிற்று. அதுகூடப் பரவாயில்லை. இந்த வருடத்து விற்பனையைப் போன வருடத்தில் எழுதியிருக்கிறார்களா என்று பார்க்கும் கட்-ஆஃப் சோதனையை ஒன்பது வருடம் செய்தவன் நான். எத்தனை கிடங்குகளில் டெலிவரி சலானின் தேதியைத் தேடியிருப்பேன்! என் சொந்த தரவில் அதே சோதனையைச் செய்யத் தோன்றவில்லை. அனுபவம் கூடவேதான் வந்திருந்தது. அடுத்தவர் கணக்கென்றால் மட்டும் விழித்துக்கொள்ளும் போலிருக்கிறது.

மற்றபடி அனுபவம் கேள்வி கேட்கும் இடத்தில் உதவும். நேராக வந்த மாணவர்கள் ‘தணிக்கைக் கட்டணம்’ என்ற எண்ணைத் தரத்தின் அளவுகோல் என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த எண் எப்படி பேரம் பேசி முடிவாகிறது என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் ‘நான் பார்த்திருக்கிறேன்’ என்ற வாக்கியத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள். செமினாரில் நான் அதை இரண்டு தடவை சொன்னேன், இரண்டு தடவையும் அறை அமைதியாகிவிட்டது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாடங்கள் முடிந்ததும் ஒரு பெரிய தேர்வு. தேறாதவர்களை அங்கேயே அனுப்பிவிடுவார்கள். பிறகு ஆய்வேடு, இப்போது பல இடங்களில் தொடர்புள்ள மூன்று கட்டுரைகளாக. வேலை தேடும்போது அவற்றில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பேச வேண்டும். கட்டுரை அச்சேற மூன்று நான்கு வருடம் ஆவது சாதாரணம். பணத்தைப் பொறுத்தவரை, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் பிஎச்.டி. மாணவர்களிடம் கட்டணம் வாங்காமல் உதவித்தொகையும் தருகின்றன. வருடத்துக்கு ஒரு கை விரல்களில் எண்ணும் அளவுக்குத்தான் ஆட்களை எடுப்பார்கள். இப்போது வாங்கும் சம்பளத்தோடு உதவித்தொகையை ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள், தூக்கம் போய்விடும். வீட்டில் இருப்பவர்களோடு உட்கார்ந்து ஐந்து வருடத்துக்கு ஒரு வரவுசெலவு போடுங்கள். ஆறாவது வருடத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

மதிப்பு கூடுமா என்று கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள். பட்டம் வாங்கிய பிறகு பழைய க்ளையண்ட் ஒருவரைப் பார்த்தேன். ஐந்தரை வருடம் என்ன செய்தேன் என்று விவரமாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “அப்போ இப்ப ரிட்டர்ன் ஃபைல் பண்றதில்லையா?” என்றார். இல்லை என்றேன். தெரிந்த ஆள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். உங்கள் எண்ணைத் தரலாமா?