பிசியோதெரபிக்குத் தனிக் கவுன்சில்: மனுவில் என்ன கேட்கலாம்?

கேள்வி: நான் பிபிடி (பிசியோதெரபி இளநிலைப் பட்டம்) முடித்து மதுரையில் சிறிய கிளினிக் நடத்துகிறேன். ஆறு மாதப் பயிற்சி எடுத்தவர்கள்கூட ‘பிசியோதெரபிஸ்ட்’ என்று போர்டு மாட்டுகிறார்கள். பிசியோதெரபிஸ்டுகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தத் தனிக் கவுன்சில் கேட்டு எங்கள் சங்கம் மனு தயாரிக்கிறது. “2021லேயே சட்டம் வந்துவிட்டதே” என்கிறார் ஓர் அதிகாரி. என்ன கேட்பது, எப்படிக் கேட்பது?

பதில்: அதிகாரி சொல்வதில் பாதி சரி. 2021ஆம் ஆண்டின் தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் பத்துப் பிரிவுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழில்களை ஒழுங்குபடுத்துகிறது. பிசியோதெரபி அதில் ஒரு தனிப் பிரிவு. பட்டப்படிப்பு முடித்த பிசியோதெரபிஸ்ட் தனித்தோ குழுவில் ஒருவராகவோ தொழில் செய்யலாம் என்று சட்டமே சொல்கிறது. மனுவின் முதல் பக்கத்தில் அந்த வரி இருக்கட்டும்.

ஆறு மாதத்துக்குள் மாநிலக் கவுன்சில்களை அமைக்க வேண்டும் என்றது அதே சட்டம். அது நடக்காமல் இழுத்துக்கொண்டே போனதால் 2024இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, சட்டத்தை நடைமுறைப்படுத்தச் சொல்லிக் கெடு விதித்தது. உங்கள் கையில் இருக்கும் வலுவான ஆயுதம் இதுதான்.

பிசியோதெரபிக்கென்று தனியாக ஒரு சட்டம் கேட்பதை இப்போதைக்கு நான் ஆதரிக்க மாட்டேன். 2007இல் மக்களவைக்கு வந்த மத்தியக் கவுன்சில் மசோதா காலாவதியானது. அடுத்த சட்டம் வர 2021 ஆகிவிட்டது. பிரிட்டனில் ஒரே அமைப்பு 15 தொழில்களை ஒழுங்குபடுத்துகிறது. பதிவு செய்யாதவர் அங்கே பிசியோதெரபிஸ்ட் என்று சொல்லிக்கொண்டால் குற்றம். கவுன்சில் தனியாக இருப்பதைவிட, பதிவும் புகார் விசாரணையும் யாருடைய தலையீடும் இல்லாமல் நடப்பதுதான் முக்கியம். சங்கத்தின் தலையீடும் கூடாது. கவுன்சில் உங்கள் உறுப்பினர்களையும் தண்டிக்கும், அதை மனதார ஏற்றுக்கொண்டு கேளுங்கள்.

மனுவுக்கு முன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போடுங்கள். கட்டணம் பத்து ரூபாய், பதிலுக்கு 30 நாள். மாநிலக் கவுன்சிலின் நெறிமுறை மற்றும் பதிவு வாரியம் செயல்படுகிறதா, எத்தனை பேர் பதிவு செய்திருக்கிறார்கள், எத்தனை புகார்கள் முடிக்கப்பட்டன என்று கேளுங்கள். வரும் பதிலை, மழுப்பலாக இருந்தாலும், மனுவோடு இணையுங்கள்.

அப்புறம், மனு நோயாளியிடமிருந்து தொடங்க வேண்டும். கழுத்தைத் தவறாகத் திருகினால் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரலாம். பேஸ்மேக்கர் வைத்தவருக்கு விசாரிக்காமல் மின்தூண்டல் கொடுப்பது ஆபத்து. உங்கள் ஊரில் இப்படிப் பாதிக்கப்பட்டவர்கள் இருந்தால், அவர்களின் எழுத்துபூர்வ சம்மதத்தோடு, பெயர் இல்லாமல் பதிவு செய்யுங்கள். ‘எங்கள் தொழிலுக்கு மரியாதை இல்லை’ என்று ஆரம்பிக்கும் மனுவை யாரும் இரண்டாம் பக்கம் புரட்டுவதில்லை.

‘டாக்டர்’ பட்டப் பிரச்சினையை இதில் சேர்க்காதீர்கள். 2025 செப்டம்பரில் அந்த அடைமொழியைத் தடுத்து மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் கடிதம் அனுப்பி, உடனே திரும்பப் பெற்றது. அதைத் தொட்டால் விவாதம் முழுக்க அங்கேயே போய்விடும், போலி கிளினிக்குகள் பேச்சிலிருந்தே காணாமல் போகும்.

கேட்க வேண்டியவை: இணையத்தில் யாரும் பார்க்கக்கூடிய பதிவேடு, புகாரை முடிக்கக் காலக்கெடு, விசாரணைக் குழுவில் பொதுமக்கள் தரப்பிலிருந்து உறுப்பினர்கள். மனுவை மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளருக்கும் சட்டமன்ற மனுக்கள் குழுவுக்கும் அனுப்புங்கள். உங்கள் எம்.எல்.ஏ.விடம் நகல் கொடுக்கும்போது, சட்டமன்றத்தில் கேட்பதற்கான கேள்வியையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். அமைச்சர் அங்கே சொல்லும் பதில் அவைக்குறிப்பில் ஏறிவிடும். அடுத்த மனுவில் அதை மேற்கோள் காட்டலாம்.