கொரோனா காலத்தில் மருத்துவ ஆலோசனை: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் தந்தைக்கு வயது 68. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. மாதாந்திரப் பரிசோதனையைத் தொலைபேசியிலேயே முடித்துக்கொள்ளலாமா?

பதில்: இரண்டும் கட்டுக்குள் இருந்தால் தாராளமாக முடித்துக்கொள்ளலாம். இந்த வயதில், நெரிசலான வரவேற்பறையில் அவர் மணிக்கணக்கில் காத்திருப்பதைத் தவிர்ப்பதே நல்லது. 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகளின்படி, கடந்த ஆறு மாதங்களுக்குள் அவரைப் பார்த்த அதே மருத்துவர், அதே நோய்க்கான மருந்துகளைத் தொலைபேசி வழியாகவே தொடர்ந்து எழுதித் தரலாம்.

ஆனால் தொட்டுப் பார்க்க வழியில்லாத மருத்துவருக்கு வேண்டிய தகவல்களை நீங்கள்தான் திரட்டித் தர வேண்டும். அழைப்புக்கு முந்தைய ஒரு வாரத்தில் எடுத்த வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவுகளையும், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பின் எடுத்த ரத்த அழுத்த அளவுகளையும் தேதியுடன் எழுதி வையுங்கள். மாத்திரை அட்டைகளைக் கையில் வைத்திருங்கள். 'சின்ன வெள்ளை மாத்திரை' என்று சொன்னால் எந்த மருத்துவருக்கும் விளங்காது. பலரும் மறப்பது பாதங்களை. சர்க்கரை நோயால் மரத்துப்போன காலில் புண் வந்தாலும் வலி தெரியாது என்பதால், நல்ல வெளிச்சத்தில் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் தினமும் நீங்களே பாருங்கள். கொப்புளமோ கருமையோ நீர்க்கசிவோ தென்பட்டால், அன்றே நேரில் காட்ட வேண்டும்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் வந்த மருந்துச் சீட்டைக் கடைக்காரர் ஏற்க மறுக்கிறார்.

பதில்: மருத்துவரின் பெயர், பதிவு எண், கையொப்பம், தேதி ஆகியவை தெளிவாக இருந்தால் அந்தப் படம் செல்லும். கேட்டது அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரை என்றால் மறுத்தது சரியே. அவற்றைத் தொலைமருத்துவத்தில் எழுதவே அனுமதியில்லை.

கேள்வி: எங்களுக்கென்று வழக்கமான மருத்துவர் யாரும் இல்லை. என்ன செய்வது?

பதில்: அரசின் இ-சஞ்சீவனி சேவையைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். கைப்பேசி எண்ணைப் பதிந்து டோக்கன் பெற்றால், முறை வந்ததும் மருத்துவர் காணொளியில் பேசுவார். மருந்துச் சீட்டும் இணைய வழியிலேயே கிடைத்துவிடும். பழைய பரிசோதனை அறிக்கைகளை முன்கூட்டியே படமெடுத்து வையுங்கள். 16 வயதுக்குட்பட்டவருக்கு ஆலோசனை கேட்டால், பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும்.

கேள்வி: ஏழு மாதக் கர்ப்பிணியான நான், தொற்றுக்குப் பயந்து அடுத்த பரிசோதனையைத் தள்ளிப்போடலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. உங்கள் பயம் நியாயமானதே. ஆயினும் இந்த மாதங்களில் ரத்த அழுத்தம் சத்தமில்லாமல் ஏறக்கூடும்; சிறுநீரில் புரதம் இருப்பதையோ குழந்தையின் வளர்ச்சி குறைவதையோ தொலைபேசியில் கண்டறிய முடியாது. முன்பதிவு செய்து, கூட்டம் குறைந்த நேரத்தைக் கேட்டு வாங்கி, முகக்கவசத்துடன் ஒரே ஒருவரை மட்டும் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். கடும் தலைவலி, பார்வை மங்கல், முகவீக்கம், ரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் முன்பதிவுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள்.

கேள்வி: வேறு எவற்றைத் தள்ளிப்போடக் கூடாது?

பதில்: டயாலிசிஸ், புற்றுநோய்ச் சிகிச்சை, குழந்தைகளுக்கான தடுப்பூசி மூன்றையும் மருத்துவர் சொல்லாமல் தள்ளிப்போடாதீர்கள். நெஞ்சு வலியோ, மூச்சுத் திணறலோ, வாய் கோணுதலோ, ஒரு பக்கக் கை கால் திடீரெனச் செயலிழப்பதோ நேர்ந்தால் காணொளி ஆலோசனைக்கு முயலாமல் உடனே 108-ஐ அழையுங்கள்.