புதிதாக எதுவும் வாங்காமல், இருக்கிற கேமராவை வைத்தே சம்பாதிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். நீங்கள் சொன்ன கணக்குப்படி கையில் ஒரு கேனான் 1500டி கேமரா, கூடவே வந்த 18-55 லென்ஸ் (கிட் லென்ஸ் என்பார்கள்), ஒரு 50 எம்எம் லென்ஸ், ஒரு டிரைபாட் இருக்கின்றன. இவை எந்த வேலைக்குப் போதும் என்று முதலில் பாருங்கள்.

போட்டோகிராபர் என்றாலே நம் ஊரில் கல்யாணம்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1500டியில் மெமரி கார்டு போட ஒரே இடம்தான் உண்டு, இன்னொரு கார்டில் நகல் விழாது. தாலி கட்டும் நேரத்தில் கார்டு மக்கர் செய்தால் மாப்பிள்ளையை மறுபடி கட்டச் சொல்ல முடியுமா? அதனால் இப்போதைக்குச் சொந்தமாகக் கல்யாண ஆர்டர் பிடிக்க வேண்டாம். ஸ்டூடியோக்காரர்களிடம் இரண்டாவது ஆளாகப் போகலாம். வைகாசி, ஆவணி, தை முகூர்த்தங்களில் ஒரே நாளில் இரண்டு மூன்று ஆர்டர் மாட்டிக்கொண்டு அவர்களே ஆள் தேடுவார்கள். படத்தில் உங்கள் பெயர் வராது; ஆடியிலும் மார்கழியிலும் வேலையும் வராது. சம்பளத்தை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

உங்கள் கேமராவுக்குச் சரியான வேலை பொருட்களைப் படமெடுப்பதுதான். நான் ஈரோட்டுப் பக்கம். எனக்குச் சோறு போடுவது சேலைப் படங்கள். சேலை அசையாது, அவசரப்படுத்தாது. கேமராவை டிரைபாடில் வைத்து, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, லென்ஸ் திறப்பு எஃப்8, இரண்டு நொடி டைமர் என்று எடுத்தால் கிட் லென்ஸ் படத்துக்கும் விலையுயர்ந்த லென்ஸ் படத்துக்கும் உள்ள வித்தியாசம் வாங்குபவரின் போன் திரையில் தெரியாது. வெளிச்சத்துக்கு நேர்வெயில் விழாத ஒரு ஜன்னல், அதைத் திருப்பியடிக்க எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை. அறையில் டியூப்லைட்டை மட்டும் அணைத்துவிடுங்கள், இரண்டு வெளிச்சம் கலந்தால் நிறம் கெட்டுவிடும்.

நிறம்தான் இந்தத் தொழிலில் காசு. ஆன்லைனில் விற்பவரைக் கேட்டுப் பாருங்கள், "போட்டோவில் அரக்கு, வந்தது சிவப்பு" என்று சேலை திரும்பி வருவதுதான் பெரிய தலைவலி என்பார். வெள்ளைக் காகிதத்தைச் சேலைக்குப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்து, அதை வைத்து ஒயிட் பேலன்ஸை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தை, சரிசெய்யுங்கள். முடித்த பிறகு சேலையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டுப் பாருங்கள். மயில்கழுத்து நிறம் ஒரு ஆட்டம் காட்டும். நீள இழையான பாவும் குறுக்கு இழையான ஊடையும் வேறு வேறு நிறம் என்பதால் ஒரு கோணத்தில் நீலம், இன்னொரு கோணத்தில் பச்சை. இரண்டையும் எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். ஜரிகை வெளிறிப் போகாமலிருக்க எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்குள் வரும் வெளிச்சத்தை, கொஞ்சம் குறையுங்கள்.

அமேசானில் விற்பவர் என்றால் விதிகளைத் தெரிந்துகொண்டு போங்கள். முதல் படத்தின் பின்னணி சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும், பொருள் படத்தில் 85 சதவீதமாவது நிறைந்திருக்க வேண்டும். இதை நீங்களே எடுத்துச் சொன்னால் கடைக்காரருக்கு நம்பிக்கை வந்துவிடும்.

ஆட்களை எங்கே பிடிப்பது? உங்கள் ஊர்க்காரர்கள் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் என்ன விற்கிறார்கள் என்று பாருங்கள். இளம்பிள்ளையில் சேலை, திருப்பூரில் பனியன், சென்னிமலையில் பெட்ஷீட், உங்கள் ஊரில் ஊறுகாயாகக்கூட இருக்கலாம். சரக்கு நன்றாக இருந்து படம் மோசமாக இருக்கும் கடையாகத் தேர்ந்தெடுங்கள். ஒரு சேலையை வாங்கியோ இரவல் கேட்டோ படமெடுத்து, அவர்கள் போட்ட படத்தையும் உங்கள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள். இலவசம் அந்த ஒன்றோடு சரி. போகும் நேரமும் முக்கியம். ஈரோட்டில் ஜவுளிச் சந்தை திங்கள் இரவு தொடங்கி செவ்வாய் முழுக்க நடக்கும், அப்போது போனால் யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். தீபாவளிச் சரக்கு இறங்கும் ஆவணி, புரட்டாசியில் அவர்களே கூப்பிடுவார்கள்.

கூலியை நாள் கணக்கில் பேசாதீர்கள், பீஸ் கணக்கில் பேசுங்கள். சேலைக்கு முழுப் படம், முந்தி, கரை, ரவிக்கைத் துணி என்று நான்கு. எடுத்துத் திருத்தி முடிக்க இருபது நிமிடம் என்று வைத்தால் மணிக்கு மூன்று சேலை. உங்கள் ஒரு மணி நேரம் என்ன பெறும் என்று நீங்களே முடிவு செய்து மூன்றால் வகுங்கள். பாதிப் பணம் முன்னால், மீதி படம் கொடுக்கும்போது. "அடுத்த லோடில் சேர்த்துத் தர்றேன்" என்று சொல்லாத கடைக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை.

அப்புறம் ஒன்று. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவர்தான் முதல் உரிமையாளர். நீங்கள் எடுத்த படத்தை உங்கள் பக்கத்தில் போடவும் அவர் சம்மதம் வேண்டும். வேலை பேசும்போதே வாட்ஸ்அப்பில் கேட்டு, எழுத்தில் ஒரு "சரி" வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.