காலையில் மட்டும் அடம்பிடிக்கும் டீசல் வண்டி

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். 2014 மாடல் 1.3 லிட்டர் டீசல் கார், 1,10,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. டிசம்பரில் இருந்து காலையில் மூன்று நான்கு தடவை செல்ஃப் அடித்தால்தான் எடுக்கிறது. எடுத்ததும் டிராக்டர் மாதிரி ஆட்டம், வெள்ளைப் புகை, டீசல் நெடி. இரண்டு நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடும். பகலில் சாவியைத் தொட்டாலே போதும், ஸ்டார்ட் ஆகிவிடும். சர்வீஸ் சென்டரில் நான்கு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்கிறார்கள், 72,000 ரூபாயாம். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் ஒன்று சொல்லுங்கள், வண்டியை எத்தனை மணிக்கு அங்கே விட்டீர்கள்? அல்சூரில் இருந்து டிராஃபிக்கில் ஊர்ந்து பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள், இன்ஜின் நன்றாகச் சூடேறியிருக்கும், அதாவது உங்கள் வண்டியின் கோளாறை அந்த மெக்கானிக் கண்ணாலேயே பார்க்கவில்லை. பார்க்காத வியாதிக்குத்தான் 72,000 ரூபாய் மருந்து. முந்தின நாள் சாயங்காலமே வண்டியை விட்டுவிட்டு வாருங்கள், காலையில் முதல் ஸ்டார்ட்டை நான் வந்த பிறகுதான் அடிக்க வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தும்போது வரும் சூட்டிலேயே டீசல் பற்ற வேண்டும். ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால்தான் சிலிண்டருக்கு ஒரு ஹீட்டர் பிளக் வைத்திருக்கிறார்கள். சாவி போட்டதும் டேஷ்போர்டில் சுருள் மாதிரி ஒரு விளக்கு எரிகிறதே, அது இதற்குத்தான். ஜனவரியில் நம் ஊரில் விடியற்காலை 15, 16 டிகிரி இருக்கும். அந்தக் குளிருக்கு ஒரு பிளக் செத்துப்போனால் வண்டி கொஞ்சம் நடுங்கும், ஆனால் எடுத்துவிடும். இரண்டு மூன்று போயிருந்தால் நீங்கள் சொல்கிற கதைதான்.

நாளைக் காலையில் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். ஒருவரைச் சைலன்சர் பக்கம் நிற்கவைத்துவிட்டு செல்ஃப் அடியுங்கள். இன்ஜின் எடுப்பதற்கு முன்பே வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, பற்றத்தான் இல்லை, அதனால் முதல் சந்தேகம் ஹீட்டர் பிளக், அதற்குக் கரண்ட் கொடுக்கும் ஸ்விட்சான ரிலே. புகையே இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவில்லை: ஃபில்டரில் அடைப்பு, பைப்பில் ஏர் பிடிப்பது, பம்ப் பலவீனம். வண்டியின் மூக்கு மேலே தூக்கியபடி சரிவில் நிறுத்துகிறீர்களா என்பதையும் பாருங்கள், எங்காவது ஏர் புகுந்தால் ராத்திரியில் டீசல் டேங்குக்கே திரும்பிப் போய்விடும். மட்டமான இடத்தில் நிறுத்திய மறுநாள் ஒழுங்காக எடுத்தால் பைப்பைத்தான் துருவ வேண்டும்.

பேட்டரியை மறந்துவிடாதீர்கள். செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் 9.6-க்குக் கீழே விழுந்தால் இன்ஜின் வேகமாகச் சுற்றாது, சுற்றாவிட்டால் சூடு பிறக்காது.

ஸ்கேனர் மாட்டினால் மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள். பி0671 முதல் பி0674 வரை ஏதாவது கோளாறு எண் இருந்தால் எந்தச் சிலிண்டரின் ஹீட்டர் பிளக் என்று அதுவே சொல்லிவிடும். இரண்டாவது, குளிர்ந்த இன்ஜினில் கூலன்ட் டெம்பரேச்சர் எவ்வளவு காட்டுகிறது? வெளியே 16 டிகிரி இருக்கும்போது ஸ்கேனர் 70 என்று காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது, கம்ப்யூட்டரும் இன்ஜின் சூடாகத்தான் இருக்கிறது என்று நம்பி ஹீட்டரை எரியவிடாது. மூன்றாவது, செல்ஃப் அடிக்கும்போது ரெயில் பிரஷர், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் கொடுக்கும் பொதுக் குழாயில் இருக்கும் அழுத்தம். காமன் ரெயில் வண்டிகளில் பொதுவாக 200, 250 பார் வந்தால்தான் இன்ஜெக்டர் தெளிக்கும்.

இன்ஜெக்டரே காரணமாக இருக்க முடியாதா? இருக்கலாம். ஆனால் தேய்ந்துபோய் டீசலை ரிட்டர்னில், அதாவது டேங்குக்குத் திரும்பும் பைப்பில், விடுகிற இன்ஜெக்டர் பெரும்பாலும் சூட்டில்தான் அதிகம் படுத்தும், ஏனென்றால் சூடான டீசல் நீர்த்துப்போய் இன்னும் வேகமாகக் கசியும். உங்கள் வண்டியோ பகலில் தொட்டால் எடுக்கிறது. லீக்-ஆஃப் டெஸ்ட் என்று ஒன்று உண்டு, நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் பைப்பையும் நான்கு பாட்டிலில் விட்டு எதில் அதிகம் நிறைகிறது என்று பார்ப்பது, அவ்வளவுதான். அதைச் செய்யாமல் நான்கையும் மாற்றச் சொல்கிறவரிடம் ஏன் என்று கேளுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் ஒவ்வொன்றின் மேலும் இருக்கும் குறியீட்டு எண்ணை வண்டியின் கம்ப்யூட்டரில் ஏற்றினார்களா என்று பாருங்கள், ஏற்றாவிட்டால் புது இன்ஜெக்டரிலும் ஐட்லிங் ஆடும். பழையதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

என் வண்டிக்கும் இதே கோளாறு வந்தது. பெயர் வேண்டாம், ஒரு ஒர்க்‌ஷாப்பில் இரண்டு இன்ஜெக்டர் மாற்றினேன், மறுநாள் காலை அதே ஆட்டம். கடைசியில் போயிருந்தது ஹீட்டர் ரிலே, தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்பு டப்பா.

இன்னொன்று, ஹீட்டர் பிளக்கை அவசரப்பட்டுக் கழற்றவிடாதீர்கள். பத்து வருடம் ஒட்டிப்போனது ஹெட்டுக்குள்ளேயே (இன்ஜினின் மேல்மூடி) முறிந்துவிடும், அப்புறம் ஹெட்டைக் கழற்ற வேண்டி வரலாம். இன்ஜின் சூடாக இருக்கும்போது, துரு நீக்கும் எண்ணெய் விட்டு, மெதுவாக. முதலில் மீட்டர் வைத்துப் பார்க்கட்டும்: நல்ல பிளக் ஏறக்குறைய 1 ஓம் காட்டும், செத்தது ஒன்றும் காட்டாது. காலையில் எடுக்கவில்லையே என்று ஸ்டார்ட்டிங் ஸ்பிரே மட்டும் அடிக்காதீர்கள், சூடான ஹீட்டர் பிளக் இருக்கிற இடத்தில் ஈதர் போனால் வெடிக்கும்.

கேள்வி: ஓசூர் ரோட்டில் ஒரு டீலரிடம் 2016 டீசல் எஸ்யூவி, டெல்லி பதிவு. இங்கே கிடைப்பதைவிட விலை ரொம்பக் குறைவு. போனபோது ஸ்டார்ட் செய்தே வைத்திருந்தார்கள், ஐட்லிங் அமைதியாகத்தான் இருந்தது. வாங்கலாமா?

பதில்: ஸ்டார்ட் செய்தே வைத்திருந்ததுதான் எனக்கு உறுத்துகிறது. விலை குறைவுக்குக் காரணம் தெரிந்ததே. பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி டெல்லியில் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் உத்தரவிட்டது, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது, அதனால் அங்கே கெடு நெருங்கிய வண்டிகள் தெற்கே இறங்க ஆரம்பித்தன (2025-இல் உச்ச நீதிமன்றம் இந்தத் தடையைத் தளர்த்தியது). என்ஓசி (டெல்லி ஆர்டிஓ தரும் தடையில்லாச் சான்று) கைக்கு வந்ததா, கர்நாடக ஆயுள் வரியை யார் கட்டுவது என்று முதலில் கேளுங்கள், வரியைச் சேர்த்தால் அந்தக் குறைந்த விலை அப்படியே இருக்காது. டீலர் மறைத்து விற்றால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடலாம், இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். வாய்ப்பேச்சு அங்கே நிற்காது, வண்டியின் நிலையை எழுதி வாங்குங்கள்.

அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் சொல்லாமல் கொள்ளாமல் கடை திறக்கும் நேரத்துக்குப் போய், சாவியைக் கேட்பதற்கு முன் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் பக்கத்தில் ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.