காகிதக்கூழ் யானையில் பூஞ்சணம்: வண்ணம் பூசலாமா?

இப்போது பூசாதீர்கள். வீடு மாறிய அமளிக்கு நடுவே மகளுடன் செய்த யானையின் வயிற்றில் கரும்புள்ளிகள் என்கிறீர்களே, அது பூஞ்சணம். பெயிண்ட் அதை மறைக்கும், நிறுத்தாது.

முதல் காகித அடுக்கு காயுமுன்பே அடுத்ததை ஒட்டியிருப்பீர்கள். மைதாப் பசை வெளியே மொறமொறப்பாகிவிடும். உள்ளே ஈரம் தங்கும்.

வயிற்றைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சில்லென்றிருந்தால் இன்னும் காயவில்லை. அடியில் துளையிட்டு, அச்சாக உள்ளே வைத்த பலூன் இருந்தால் அதை உருவிவிட்டு, மின்விசிறிக்கு எதிரே வையுங்கள். நன்றாகக் காய்ந்தபின் புள்ளி விழுந்த இடத்தை வெட்டியெடுத்துப் புதுக் காகிதம் ஒட்டலாம். முடை நாற்றம் அடித்தால் எறிவதே மேல். ஆனால் மகளிடம் சொல்லாமல் எறியாதீர்கள். பழைய வீட்டை விட்டுவந்த குழந்தை அவள்.

பூஞ்சணம் வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலக்கச் சிலர் சொல்வார்கள். அது நஞ்சு, குழந்தை கைவைக்கும் பசையில் கூடவே கூடாது.