அலுவலக வேலையாக முதன்முறை பெர்லின் போகிறேன். ஹோட்டலில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

கம்பெனி நான்கு நட்சத்திர பிசினஸ் ஹோட்டல் போட்டுக் கொடுத்திருக்கிறது, நான்கு இரவு தங்கல், ஐரோப்பா புதிது என்று கேட்டிருக்கிறீர்கள். அறை சுத்தமாக இருக்கும், வைஃபை ஓடும், இரவில் சத்தம் இருக்காது. அந்தக் கவலையை விடுங்கள். புதிதாக வருபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்: ரிசப்ஷன் கவுன்ட்டரில், ஜன்னல் கைப்பிடியில்.

முதலில் பணம். பெர்லினில் வாடகைக்கு மேல் 'சிட்டி டாக்ஸ்' என்று ஒரு தங்கல் வரி உண்டு. அலுவலக வேலையாக வந்தால் விலக்கு என்பது 2024 மார்ச்சோடு முடிந்தது. கம்பெனி கடிதம் காட்டினால் போதும் என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. 2025 ஜனவரி முதல் 7.5 சதவீதம். வாடகையிலிருந்து 7 சதவீத விற்பனை வரியைக் கழித்த தொகைக்குத்தான் இதைப் போடுவார்கள், காலை உணவுக்குக் கிடையாது. இரவுக்கு 130 யூரோ என்றால், வரி நீங்கலாக 121.50, அதில் 7.5 சதவீதம் 9.11. நான்கு இரவுக்கு ஏறக்குறைய 36 யூரோ. புக்கிங் தொகையில் இது சேர்ந்திருக்கிறதா என்று முன்பே பார்த்து, அலுவலகத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

செக்-இன்னில் பாஸ்போர்ட்டைக் கேட்டு ஒரு பதிவுப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். ஜெர்மன் குடிமக்களுக்கு 2025-லிருந்து அது கிடையாது, நமக்கு உண்டு. அப்போதே பில் யார் பெயரில் வர வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். செலவை ஜெர்மன் கிளை ஏற்கிறது என்றால், 250 யூரோவுக்கு மேற்பட்ட பில்லில் அந்தக் கிளையின் முழுப் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும். கிளம்பும் காலையில் டாக்ஸி வாசலில் நிற்கும்போது திருத்தச் சொன்னால், மூடிய பில்லை ரத்து செய்து புதிதாகப் போட வேண்டியிருக்கும்.

வாடகையோடு கூடுதலாக ஒரு தொகையை கார்டில் முடக்கி வைப்பதும் செக்-இன்னில்தான். இதற்கு ஃபாரெக்ஸ் கார்டை, அதாவது வெளிநாட்டுப் பணத்தை முன்பே ஏற்றி வைத்த கார்டை, கொடுக்காதீர்கள். முடக்கிய பணம் விடுபடப் பல நாள் ஆகலாம், அதுவரை அந்தப் பணம் இருந்தும் இல்லாத மாதிரிதான். முடக்கத்துக்கு கிரெடிட் கார்டு, கடைசிப் பில்லுக்கு ஃபாரெக்ஸ் கார்டு. மெஷின் 'ரூபாயா, யூரோவா' என்று கேட்டால் யூரோவையே அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தை அவர்கள் வைப்பார்கள், அது நமக்கு நஷ்டம்.

இனி அந்த ஜன்னல். கைப்பிடி கீழ்நோக்கி இருந்தால் பூட்டியிருக்கிறது. படுக்கைவாக்கில் இருந்தால் கதவுபோல் உள்பக்கம் திறக்கும். மேல்நோக்கி இருந்தால் ஜன்னலின் தலைப்பகுதி மட்டும் உள்ளே சாயும். ஜன்னல் திறந்திருக்கும்போதே கைப்பிடியை மேலே திருப்பினால் மேல் மூலை கழன்று, முழுக் கண்ணாடியும் கீழ் மூலையில் தொங்குவதுபோல் நிற்கும். உடையவில்லை, பயப்படாதீர்கள். மேல் மூலையைச் சட்டத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைப் படுக்கைவாக்குக்குத் திருப்புங்கள். மசியவில்லை என்றால் ரிசப்ஷனைக் கூப்பிடுங்கள், கனமான சாமான் அது. ஏசி உள்ள அறைகள் பலவற்றில் ஜன்னல் திறந்தால் ஏசி தானாக நின்றுவிடும். 'ஏசி ரிப்பேர்' என்று போன் போடுமுன் ஜன்னலைப் பாருங்கள். பழைய கட்டடங்கள் பலவற்றில் ஏசியே இருக்காது, ஜூலை, ஆகஸ்ட் பயணம் என்றால் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

ஹீட்டர் திருகில் 1 முதல் 5 வரை எண் இருக்கும். 3 என்றால் சுமார் 20 டிகிரி. 5-ல் வைத்தால் அறை சீக்கிரம் சூடாகாது, நடுராத்திரி வியர்த்து எழுந்திருப்பீர்கள், அவ்வளவுதான்.

நம் மூன்று பின் பிளக் அங்கே நுழையாது. போன் சார்ஜரின் மெல்லிய இரண்டு பின் நுழையும். ஜெர்மன் சாக்கெட் வட்டமாகக் குழிந்திருப்பதால் பெட்டி மாதிரி இருக்கும் யுனிவர்சல் அடாப்டர் சில சமயம் சரியாக உட்காராது. வட்டத் தலை கொண்ட ஜெர்மன் அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கதவருகே கார்டு செருகினால்தான் மின்சாரம் என்ற ஹோட்டல்களில், கார்டை எடுத்துக்கொண்டு போனால் லேப்டாப் சார்ஜும் நின்றுவிடும்.

பாத்ரூமில் ஹெல்த் ஃபாசெட் இருக்காது. குவளை கொண்டு போகலாம், ஆனால் பல ஹோட்டல்களில் ஷவருக்கு வெளியே தரையில் தண்ணீர் போக வழியே கிடையாது. வாளியில் குளிக்கிற பழக்கத்தில் ஊற்றினால் தண்ணீர் நேராக அறைக் கார்ப்பெட்டுக்குத்தான் வரும். அறையில் குக்கர் வைப்பதும் வேண்டாம், புகை அலாரம் அடித்தால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழலாம். கெட்டில் எல்லா அறையிலும் இருக்காது, கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.

சைவம் என்றால் காலை பஃபேயில் ரொட்டி, சீஸ், பழம், மியூஸ்லி தாராளம். வறுத்த உருளைக்கிழங்கில் பன்றி இறைச்சித் துண்டு கலந்திருக்கலாம். ரொட்டிக்குப் பக்கத்தில் 'ஷ்மால்ட்ஸ்' என்று வெள்ளையாக இருந்தால் அது வெண்ணெய் இல்லை, பன்றிக் கொழுப்பு. குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். கடையில் பாட்டில் வாங்கினால் பொதுவாக 25 சென்ட் டெபாசிட் சேர்த்து வாங்குவார்கள், காலி பாட்டிலை சூப்பர்மார்க்கெட் மெஷினில் போட்டால் திரும்ப வரும்.

பெர்லினில் ரயில், பஸ் டிக்கெட் ஏ, பி, சி என்ற மண்டலக் கணக்கில்தான். விமான நிலையம் சி மண்டலத்தில் இருக்கிறது, அதனால் மூன்றுக்கும் செல்லும் ஏபிசி டிக்கெட் எடுங்கள். மெஷினில் எடுத்த காகித டிக்கெட்டை ஏறுமுன் முத்திரை குத்த வேண்டும், இல்லையென்றால் அபராதம் 60 யூரோ. ஞாயிறு வந்து இறங்கினால் சூப்பர்மார்க்கெட்டுகள் பூட்டியிருக்கும். ஹாப்ட்பான்ஹோஃப் ரயில் நிலையத்துக்குள் கடைகள் திறந்திருக்கும், பாலும் பழமும் அங்கேயே வாங்கிக்கொண்டு ஹோட்டலுக்குப் போய்விடுங்கள்.