ஒரே சோஃபா, மூன்று விதமான பேஸ்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் ஹோம் தியேட்டர் அறை 5.2 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.8 மீட்டர் உயரம். முன்சுவரின் இடது மூலையில் பேஸுக்கான (தாழ்ந்த ஒலிக்கான) 12 அங்குல சப்வூஃபர் ஒன்று இருக்கிறது. சோஃபாவின் இடது ஓரத்தில் உட்காருபவருக்கு பேஸ் நெஞ்சை அடைக்கிறது. நடுவில் உட்காருபவருக்கு அது இருக்கும் இடமே தெரியவில்லை. ரிசீவரின் ஆட்டோ கேலிபரேஷனை (மைக்கால் அறையை அளந்து ஒலியைத் தானே திருத்தும் வசதியை) நான்கு முறை ஓட்டியும் பலனில்லை. இதைவிடப் பெரிய சப் வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. ஓரத்தில் இன்னும் அதிகமாக அடைக்கும், நடுவில் அதே வெறுமை இருக்கும். கோளாறு உங்கள் சப்பில் இல்லை. அறைக்கும் அது நிற்கும் இடத்துக்கும் உள்ள உறவில்தான் இருக்கிறது.

பள்ளியில் நிலை அலை, கணு, எதிர்க்கணு என்று படித்திருப்பீர்கள். அதேதான் உங்கள் அறையில் நடக்கிறது. இரண்டு சுவர்களுக்கு இடையே ஒலி முட்டித் திரும்பும்போது சில அதிர்வெண்களில் அலை அசையாமல் நின்றுவிடும். கணக்கு சுலபம்: ஒலியின் வேகமான 343-ஐ (வினாடிக்கு மீட்டர்) அந்த இரண்டு சுவர்களுக்கு இடையேயான தூரத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். உங்கள் நீளத்துக்கு 33 ஹெர்ட்ஸ், அகலத்துக்கு 43, உயரத்துக்கு 61. அவற்றின் மடங்குகளான 66, 86 ஆகியவற்றிலும் இது உண்டு. முதல் அலைக்கு சுவரோரத்தில் அழுத்தம் உச்சம், நட்டநடுவில் ஏறக்குறைய சுழியம். உங்கள் சோஃபாவின் நடு இருக்கை 43 ஹெர்ட்ஸின் கணுவில், அதாவது அழுத்தம் சுழியமாகும் இடத்தில் இருக்கிறது.

இதை நீங்களே காதால் கேட்கலாம். கைப்பேசியில் டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்றைப் போட்டு, ரிசீவர் வழியாக 43 ஹெர்ட்ஸை மெதுவான ஒலியில் ஓட விடுங்கள். சத்தத்தைக் கூட்ட வேண்டாம். இடைவிடாத ஒற்றை டோன் சப்பின் கம்பிச் சுருளான வாய்ஸ் காயிலைச் சூடேற்றிவிடும். இடது சுவரை ஒட்டி நின்றுகொண்டு வலது சுவரை நோக்கி மெல்ல நடந்து வாருங்கள். முதலில் காதை அமுக்கும். இரண்டடி வைப்பதற்குள் தணியத் தொடங்கும். நடுவில் யாரோ சப்பை அணைத்துவிட்டது போலிருக்கும். அந்த இடத்தைத் தாண்டியதும் மறுபடி எழும்பி வரும்.

கேலிபரேஷன் ஏன் தோற்றது என்றும் இப்போது புரியும். கேலிபரேஷன் பயன்படுத்தும் ஈக்வலைசர் (அதிர்வெண்வாரியாக ஒலியை ஏற்றி இறக்குவது) சப்புக்குப் போகும் சிக்னலைத்தான் மாற்றுகிறது, எனவே அந்த மாற்றம் எல்லா இருக்கைக்கும் ஒரே அளவில் போய்ச் சேரும். நடுவில் உள்ள பள்ளத்தை நிரப்ப 10 டெசிபல் ஏற்றினால் ஓரத்தில் இருப்பவருக்கும் அதே 10 ஏறும். 10 டெசிபல் என்பது பத்து மடங்கு பவர் என்பதையும் மறக்க வேண்டாம். 100 வாட் கேட்ட இடத்தில் ஆம்ப்ளிஃபையர் 1000 வாட் தர வேண்டும். இருக்கைக்கு இருக்கை உள்ள வேறுபாட்டைக் குறைக்க நல்ல வழி: அந்த நிலை அலைகளைத் தூண்டாத, அல்லது ஒன்றுக்கொன்று கழித்துவிடும் இடங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட சப்களை வைப்பது.

கேள்வி: இரண்டாவது சப் வாங்கிவிட்டேன். டிவிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வைத்தால் போதுமா?

பதில்: பாதி வேலை நடக்கும். முன்சுவரில் இரண்டையும் கால்பங்கு புள்ளிகளில் வைத்தால், அதாவது 4 மீட்டர் அகலத்தில் இடமிருந்து 1 மீட்டரிலும் 3 மீட்டரிலும் வைத்தால், அகல திசையில் அற்புதமாக வேலை செய்யும். 43 ஹெர்ட்ஸ் அலையை ஒரு சப் மேலே தள்ளும்போது மற்றது அதே வலுவில் கீழே தள்ளும், இரண்டும் கழிந்துவிடும். 86 ஹெர்ட்ஸுக்கு அந்த இரண்டு புள்ளிகளுமே கணு, ஆகவே அது கிளம்பவே கிளம்பாது. ஆனால் இரண்டும் முன்சுவரில் இருப்பதால் நீள திசை அலைகளான 33-க்கும் 66-க்கும் எந்தத் தடையும் இல்லை. ஒரே வரிசை சோஃபா என்றால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் அந்த வரிசையில் உள்ள எல்லோருக்கும் அது ஒரே மாதிரிதான் கேட்கும். ஒரே மாதிரிக் கேட்கும் குறையை ஈக்வலைசரால் ஓரளவு சரிசெய்ய முடியும். பின்னால் இரண்டாவது வரிசை இருந்தால் கதை வேறு.

அப்போது எதிரெதிர்ச் சுவர்களின் நடுப்புள்ளிகள்தான் நல்ல தேர்வு: முன்சுவரின் நடுவில் ஒன்று, பின்சுவரின் நடுவில் ஒன்று. 33 ஹெர்ட்ஸ் இரண்டுக்கும் இடையே கழிந்துபோகும். 43 ஹெர்ட்ஸுக்கு இரண்டும் கணுவிலேயே நிற்கின்றன. ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-இல் வெளியிட்ட ஆய்வில் சப்களின் எண்ணிக்கையையும் இடங்களையும் பலவாறு மாற்றி ஒப்பிட்டபோது, செவ்வக அறைக்கு இந்த இரண்டு-சப் அமைப்பு செலவுக்கும் பலனுக்கும் மிகப் பொருத்தமானதாக வந்தது. நான்கு சுவர்களின் நடுவிலும் ஒவ்வொன்று வைத்தால் இன்னும் சீராகும். முன்-பின் சப்கள் 66-ஐயும் 86-ஐயும் ஒரு திசையில் தள்ள, பக்கச் சுவர் சப்கள் எதிர்த் திசையில் தள்ளி அவற்றையும் அழித்துவிடும். நான்குக்கு மேல் போவதால் சீர்மையில் பெரிய லாபமில்லை.

சுவரின் நட்டநடுவில் கதவோ அலமாரியோ வந்தால் கால் மீட்டர் தள்ளி வையுங்கள். அவ்வளவு விலகியும் அது 43 ஹெர்ட்ஸ் அலைக்குக் கொடுக்கும் உந்துதல், மூலையில் வைத்தால் கொடுப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான். ஒரு மீட்டர் தள்ளினால் பயன் பெரும்பாலும் போய்விடும். கோன் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது இந்த அலைநீளங்களில் ஒரு பொருட்டே இல்லை.

உயரத்தின் 61 ஹெர்ட்ஸை மட்டும் தரையில் உள்ள எத்தனை சப்பாலும் தொட முடியாது. ஆனால் உட்கார்ந்திருப்பவர்களின் காதுகள் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருப்பதால் அதுவும் எல்லோருக்கும் பொதுவான குறையாகிவிடுகிறது. அதை ஈக்வலைசரிடம் விட்டுவிடலாம்.

கேள்வி: நீங்கள் சொல்லும் அதே முன்-பின் நடுப்புள்ளி அமைப்புதான் என்னுடையதும். அறை நீளமும் 5.2 மீட்டர். ஆனால் 33 ஹெர்ட்ஸ் மேடு (அந்த அதிர்வெண் மட்டும் மிகையாகக் கேட்பது) அப்படியே இருக்கிறது. ஒரு சப் இருந்தபோது எப்படியோ இப்போதும் அப்படியே. ரிசீவர் தானே தூரத்தை அளந்து முன் சப் 3.6 மீட்டர், பின் சப் 1.6 மீட்டர் என்று போட்டிருக்கிறது. எங்கே தவறு?

பதில்: தவறு அந்த இரண்டு எண்களில்தான் இருக்கிறது. இது மிகப் பரவலாக நடப்பது, அளந்து பார்க்காதவருக்குக் கடைசிவரை தெரியாமலே போய்விடுவது. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறோம்.

இரண்டு சப்பின் ஒலியும் உங்கள் இருக்கைக்கு ஒரே நேரத்தில் வர வேண்டும் என்று ரிசீவர் நினைக்கிறது. தூர வித்தியாசம் 2 மீட்டர். 1 மில்லி செகண்டுக்கு ஒலி சுமார் 34 சென்டிமீட்டர் போகும் என்பதால், பின் சப்பை 5.8 மில்லி செகண்ட் தாமதப்படுத்துகிறது. ஆனால் நிலை அலை அழிய வேண்டுமென்றால் இரண்டு சப்பும் ஒரே கணத்தில், ஒரே வலுவில் தள்ள வேண்டும். 33 ஹெர்ட்ஸின் ஒரு சுற்று 30 மில்லி செகண்ட். அதில் 5.8 என்பது ஏறக்குறைய 70 டிகிரி ஃபேஸ் (360 டிகிரிச் சுற்றில் அலை நிற்கும் நிலை) விலகல். அந்த விலகலோடு இரண்டும் கழியும்போது மிச்சம் நிற்பது ஒரே ஒரு சப் தரும் அளவை விடச் சற்று அதிகம். காசு கொடுத்து வாங்கிய இரண்டாவது சப்பின் வேலையை ஒரு தாமதம் முழுக்கக் கெடுத்துவிட்டது.

சமச்சீராக வைத்த சப்களுக்கு ஒரே தாமதம், ஒரே கெய்ன் (ஒலி அளவு). இதில் சமரசம் வேண்டாம். மெனுவில் இரண்டுக்கும் ஒரே தூரத்தைக் கையால் போடுங்கள். இன்னும் பத்திரமான வழி, ரிசீவரின் ஒரே சப் அவுட்டிலிருந்து ஒய் கேபிள் மூலம் இரண்டுக்கும் சிக்னல் கொடுப்பது. ரிசீவர் அவற்றை ஒரே சப் என்றே எண்ணி மொத்தமாகக் கேலிபரேட் செய்யும்.

அதற்கு முன் சப்களை இரட்டையர் ஆக்க வேண்டும். பின்பக்கத்தில் உள்ள லோ-பாஸ் குமிழை (எந்த அதிர்வெண்ணுக்கு மேல் ஒலியை வெட்டுவது என்று தீர்மானிப்பது) இரண்டிலும் உச்சத்துக்குத் திருப்புங்கள், அல்லது அந்த வெட்டலை நீக்கும் எல்எஃப்இ நிலையில் வையுங்கள். ஒன்று 80-இலும் மற்றது உச்சத்திலும் இருந்தால் ஃபேஸ் பிசகும். ஃபேஸ் சுவிட்ச் இரண்டிலும் 0. ஆட்டோ ஸ்டாண்ட்பையை அணைத்துவிடுங்கள், அளக்கும்போது ஒன்று தூங்கிப்போனால் முடிவு முழுவதும் தவறாகும். ஒரு சப்பை மட்டும் ஓடவிட்டு, அதன் கோனிலிருந்து 30 சென்டிமீட்டரில் மைக்கை வைத்து டெசிபலைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்ததிலும் அதே தூரத்தில் வைத்து, அரை டெசிபலுக்குள் வரும்வரை கெய்ன் குமிழைத் திருகுங்கள். இருக்கையில் உட்கார்ந்து அளவைச் சமன் செய்ய வேண்டாம், பின்னால் உள்ளது அருகில் இருப்பதால் அதைக் குறைத்துவிடத் தோன்றும்.

பேஸ் முழுவதும் மெலிந்து, 33 மட்டும் முன்னைவிடப் பலமாகக் கேட்டால் ஒன்றின் ஃபேஸ் சுவிட்ச் 180-இல் நிற்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: அளந்து பார்க்க என்னென்ன வேண்டும்? எப்படி அளப்பது?

பதில்: தன் பிழையைத் திருத்தும் கேலிபரேஷன் கோப்போடு வரும் யூஎஸ்பி அளவீட்டு மைக், அதற்கொரு ஸ்டாண்ட், கணினி, ரிசீவருக்கு ஒரு எச்டிஎம்ஐ கேபிள், ரூம் ஈக்யூ விசர்டு என்ற இலவச மென்பொருள். கைப்பேசி மைக் இதற்கு ஆகாது, 30 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அதை நம்ப முடியாது.

ரிசீவரின் ஆட்டோ கேலிபரேஷன் செய்யும் ரூம் கரெக்‌ஷனை முதலில் அணைத்துவிடுங்கள். மைக்கை உட்காருபவரின் காது உயரத்தில், கூரையைப் பார்க்கும்படி நிறுத்தி, 90 டிகிரி கோப்பை ஏற்றுங்கள். 15 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை ஏறிச்செல்லும் டோனை (ஸ்வீப்) ஓட்டுங்கள். முன் இடது ஸ்பீக்கரை அகவுஸ்டிக் டைமிங் ரெஃபரன்ஸாக (நேரத்தை ஒப்பிட உதவும் அடையாள ஒலியாக) வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு சப்பின் நேரத்தை ஒப்பிட வழியில்லை. ஒவ்வொரு இருக்கையிலும் முன் சப் தனியாக, பின் சப் தனியாக, இரண்டும் சேர்ந்து என்று மூன்று அளவு. மூன்று இருக்கைக்கு ஒன்பது. ஒரு இருக்கையின் மூன்றும் முடியும்வரை மைக்கைத் தொடக்கூடாது.

கோட்டின் ஏற்ற இறக்கத்தை மழுப்பும் ஸ்மூதிங் போடாமல், இரண்டும் சேர்ந்த மூன்று கோடுகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பாருங்கள். கோடு நேராக இருக்கிறதா என்று பலரும் முதலில் பார்க்கிறார்கள். அது பிறகு. மூன்று கோடும் ஒன்றாகச் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்பதுதான் முதல் கேள்வி. 80 ஹெர்ட்ஸ் வரை ஒன்றுக்கொன்று 5, 6 டெசிபலுக்குள் இருந்தால் இடம் சரி. சிதறிக் கிடந்தால் சப்பை நகர்த்துங்கள், ஈக்வலைசரைத் தொட வேண்டாம். கோடுகள் சேர்ந்த பிறகு மூன்றின் சராசரியை எடுத்து மேடுகளை மட்டும் வெட்டுங்கள். ஆழமான பள்ளத்தை விட்டுவிடுங்கள்.

கேள்வி: பழைய போர்ட்டட் (பெட்டியில் காற்றுத் துளை உள்ள) சப்போடு புதிதாக ஒரு சீல்டு (முழுக்க மூடிய) சப் சேர்க்கலாமா?

பதில்: தவிர்த்துவிடுங்கள். போர்ட் டியூன் ஆன அதிர்வெண்ணை நெருங்கும்போது போர்ட்டட் சப்பின் ஃபேஸ் வேகமாகத் திரும்பும். சீல்டு அப்படித் திரும்பாது. விளைவாக அடி பேஸில் இரண்டும் ஒன்றையொன்று தின்னும். ஒரே மாடல் கிடைக்காவிட்டால் ஒரே வகையாவது இருக்கட்டும். ஒன்றில் மட்டும் டிஎஸ்பி (டிஜிட்டல் சிக்னல் செயலி) இருந்தால் அது உள்ளேயே சில மில்லி செகண்ட் தாமதிக்கும். 3 மில்லி செகண்ட் என்றால் அதன் தூரத்தை மெனுவில் சுமார் 1 மீட்டர் கூட்டிப் போட வேண்டும்.

கேள்வி: எங்கள் ஹால் எல் வடிவம். ஒரு பக்கம் சாப்பாட்டு அறையோடு திறந்திருக்கிறது. நடுப்புள்ளிக் கணக்கு இதற்கு ஒத்துவருமா?

பதில்: வராது. எதிர்ச்சுவர் இல்லாத இடத்தில் சமச்சீரைத் தேடிப் பயனில்லை. இங்கே ஒரே கெய்ன், ஒரே தாமதம் என்ற விதியையும் விட்டுவிடலாம். சப்பை வைக்க முடிந்த நாலைந்து இடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒரே சப்பை அந்த ஒவ்வொரு இடத்திலும் வைத்து, எல்லா இருக்கையிலும், டைமிங் ரெஃபரன்ஸோடு அளந்து கோப்பாகச் சேமியுங்கள். மல்டி சப் ஆப்டிமைசர் என்ற இலவச மென்பொருளில் அவற்றை ஏற்றினால், எந்த இடத்துச் சப்புக்கு எவ்வளவு கெய்ன், தாமதம், ஃபில்டர் கொடுத்தால் இருக்கைகள் ஒன்றுபோல் வரும் என்று கணக்கிட்டுத் தரும். அதைச் செயல்படுத்த ஒவ்வொரு சப்புக்கும் தனி அவுட்புட் தரும் டிஎஸ்பி பெட்டி ஒன்று ரிசீவருக்கும் சப்களுக்கும் நடுவே வேண்டும். ரிசீவரில் இரண்டு சப் அவுட் இருந்தாலும், பல மாடல்களில் அவை உள்ளே பிரித்த ஒரே சிக்னல்தான். வாங்குமுன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூலையில் ஃபோம் ஒட்டினால் இவ்வளவு வேலையும் வேண்டாமே?

பதில்: 43 ஹெர்ட்ஸின் அலைநீளம் 8 மீட்டர். 10 சென்டிமீட்டர் ஃபோம் அதற்கு இல்லாததற்குச் சமம். பேச்சின் எதிரொலி குறையும், அவ்வளவே.

கேள்வி: நடுப்புள்ளிகளுக்கு மாற்றிய பிறகு எல்லா இருக்கையிலும் ஒன்றுபோல் கேட்கிறது, ஆனால் பேஸ் குறைந்துவிட்டது போலிருக்கிறது. அதோடு டிரம் அடிக்கு வலுவில்லை.

பதில்: இவை இரண்டும் வெவ்வேறு. முன்பு நீங்கள் பேஸ் என்று கேட்டதில் பெரும்பகுதி 33, 43 ஹெர்ட்ஸ் மேடுகளின் இரைச்சல். அவை போனதும் சப் அடக்கமாகத் தெரிவது இயல்பு. இப்போது தைரியமாக 3 முதல் 5 டெசிபல் கூட்டிக்கொள்ளலாம், எந்த இருக்கையிலும் காது அடைக்காது.

டிரம் வலு குறைவது பெரும்பாலும் 80 ஹெர்ட்ஸ் கிராஸ்ஓவரில் (சப்புக்கும் ஸ்பீக்கருக்கும் ஒலி பிரியும் இடத்தில்) சப்களும் முன் ஸ்பீக்கர்களும் சேராததால். சென்டர் ஸ்பீக்கரையும் சப்களையும் ஒன்றாக ஓட்டி, 60-க்கும் 110-க்கும் இடையே பள்ளம் இருக்கிறதா என்று அளங்கள். இருந்தால் இரண்டு சப்பின் தூரத்தையும் சேர்த்தே 30 சென்டிமீட்டர் படியாக மாற்றி ஒவ்வொரு முறையும் அளங்கள். பள்ளம் நிரம்பி, மேலே போகப் போக மறுபடி குழியும் இடம் வரும். நிரம்பிய படியில் நிறுத்திவிட்டு, முன் இடது, வலது ஸ்பீக்கர்களோடும் ஒருமுறை சரிபாருங்கள். ஆட்டோ கேலிபரேஷனை மீண்டும் ஓட்டினால் இந்த எண் அழிந்துவிடும், தாளில் குறித்து ரிசீவரின் அடியில் ஒட்டி வையுங்கள்.